சிறிய இணையத்தளமும் நம்பத்தக்க வழங்கியும்: பெற்றோரும் இளையோரும் அறிய வேண்டியவை

(பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட கணினிப் பட்டறை ஒன்றுக்கான உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த தமிழர் செறிந்து வாழும் நகரங்களில் ஒரு தமிழ்ப் பள்ளியோ, ஊர்ச் சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ இல்லாத நகரம் அரிது. இணையத்தளம் இல்லாத சங்கமும் இன்று அரிதே. அத்தளங்கள் பெரியவை அல்ல. சில பத்துப் பக்கங்கள், ஆண்டு விழாப் படங்கள், தேர்வுப் பெறுபேறுகள், பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர்கள், மறைந்த ஆசிரியர் ஒருவரைப் பற்றி அவருடைய மாணவர்கள் எழுதிய நினைவுக் கட்டுரைகள் ஆகியவையே அவற்றில் உள்ளன. வெளியார் கண்ணுக்கு அவை அற்பமானவையாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை வேறெந்த இடத்திலும் இல்லை. முன்னர் ஆண்டு மலர் அச்சிடப்பட்டது. ஐந்நூறு வீடுகளின் அலுமாரிகளில் அது கிடந்தது. இன்று அச்சுச் செலவை மிச்சப்படுத்தும் பொருட்டு மலர் இணையத்தில் மட்டும் ஏற்றப்படுகின்றது. ஐந்நூறு பிரதிகள் இருந்த இடத்தில் இப்போது இருப்பது ஒரே பிரதி. அந்த ஒரே பிரதி எங்கே வைக்கப்பட்டுள்ளது, யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதே இவ்வுரையின் பொருள்.

இத்தகைய தளங்கள் எவ்வாறு அழிகின்றன? கணினிக் கள்வர் புகுந்து அழிப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். அதுவும் நடப்பதுண்டு. ஆனால் மிகப் பொதுவான காரணம் வேறு. பல்கலைக்கழகம் புகுமுன் ஆர்வமிகுதியால் ஓர் இளைஞர் பள்ளிக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுக்கின்றார். அவருடைய மின்னஞ்சல் முகவரியிலேயே கணக்குத் திறக்கப்படுகின்றது. அவருடைய கடனட்டையிலிருந்தே கட்டணம் கழிகின்றது. சில ஆண்டுகளின் பின் அவர் படிப்பு முடித்து வேறு நகரத்துக்குச் செல்கின்றார், திருமணமாகின்றது, குழந்தை பிறக்கின்றது. பழைய மின்னஞ்சலை அவர் இப்போது திறப்பதில்லை. கடனட்டை காலாவதியாகின்றது. நிறுவனம் மூன்று நினைவூட்டல்களை அனுப்புகின்றது. அவற்றைப் படிப்பார் இல்லை. ஒரு காலையில் பள்ளியின் முகவரியைத் தட்டிப் பார்த்தால் அங்கே சூதாட்ட விளம்பரம் நிற்கின்றது. இதில் யார் மீதும் குற்றம் சுமத்துவதற்கில்லை. அந்த இளைஞர் ஊதியமின்றி உழைத்தவர். நிறுவனமும் தன் ஒப்பந்தப்படியே நடந்துகொண்டது. ஏற்பாடுதான் பிழையானது.

ஆகவே வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும் முன், இரண்டு பொருள்களைப் பிரித்து அறிந்துகொள்ளல் வேண்டும். ஒன்று தளப்பெயர், அதாவது மக்கள் உலாவியில் தட்டும் முகவரி. மற்றையது இடவசதி, அதாவது பக்கங்களும் படங்களும் வைக்கப்பட்டிருக்கும் வழங்கி. வழங்கி எனப்படுவது இரவும் பகலும் இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கணினியே. இடவசதியை இழந்தால், கையில் பிரதி இருக்கும்வரை, வேறோர் இடத்தில் மறுநாளே தளத்தை எழுப்பிவிடலாம். பெயரை இழந்தால் அது பெரும்பாலும் இழந்ததுதான். பல நிறுவனங்கள் இடவசதி வாங்கினால் பெயர் இலவசம் என்று சேர்த்துத் தருகின்றன. வசதியானதுதான். எனினும் அந்தப் பெயர் சங்கத்தின் பெயரில் பதியப்பட்டுள்ளதா, வெளியேறும்போது எடுத்துச் செல்ல முடியுமா என்பதை எழுத்தில் கேட்டறிய வேண்டும். இயலுமாயின் பெயரை ஒரு பதிவாளரிடமும் இடவசதியை வேறொரு நிறுவனத்திடமும் வைத்திருப்பது நன்று. ஒரு வழங்குநரோடு பிணக்கு ஏற்படும்போது பெயர் பணயப் பொருளாக மாறாது.

டொட் கொம், டொட் ஓர்க் போன்ற பொதுப் பெயர்கள் காலாவதியானால் உடனே பறிபோய்விடுவதில்லை. பதிவாளரைப் பொறுத்துச் சில வாரங்கள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதன் பின்னர் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கட்டணம் பன்மடங்காகும். அதுவும் கடந்தால் பெயர் யாரும் வாங்கக்கூடியதாகிவிடும். பழைய தளங்களின் பெயர்களுக்காகவே காத்திருக்கும் வணிகர் பலர் உள்ளனர். நாட்டுப் பெயர்களுக்கு விதிகள் வேறு. இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. தளப்பெயரைப் புதுப்பிக்குமாறு அஞ்சலில் வரும் கடிதங்கள் எல்லாம் உண்மையானவை அல்ல. அரசாங்க அறிவித்தல் போன்ற தோற்றத்தில், சங்கத்துடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத நிறுவனங்கள் அவற்றை அனுப்புவதுண்டு. பொருளாளர் நல்லெண்ணத்தோடு பணத்தைக் கட்டிவிடுவார். பதிவாளர் யார் என்பது குழுவில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருந்தால் இத்தகைய ஏமாற்று எடுபடாது.

எந்த ஈற்றுப் பெயரைத் தேர்வது என்பதும் நம்பகத்தோடு தொடர்புடையதே. இலவசமாகக் கிடைக்கின்றது என்பதற்காகத் தொகெலாவ் தீவின் டொட் டிகே, மாலி நாட்டின் டொட் எம்எல் போன்ற பெயர்களை உலகெங்கும் பல இலட்சம் பேர் எடுத்தனர். அவற்றை வழங்கிய ஃப்ரீநொம் நிறுவனம் 2023 இல் புதிய பதிவுகளை நிறுத்தியது. 2024 இல் அத்தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. பணம் கொடாதவரிடம் ஒப்பந்தமும் இல்லை, முறையிடும் இடமும் இல்லை. இலண்டன் தமிழரோடு நேரடியாகத் தொடர்புடைய இன்னொரு நிகழ்வும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குரிய டொட் ஈயூ பெயர்கள், பிரித்தானியா வெளியேறியதைத் தொடர்ந்து 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவில் பதிவான அமைப்புகளுக்கு உரியவை அல்லாதவையாயின. ஏறத்தாழ 80,000 பெயர்கள் இடைநிறுத்தப்பட்டன. ஜேர்மனி, பிரான்சு, நெதர்லாந்துக் குடியுரிமையோடு இலண்டனில் குடியேறிய தமிழர், ஒன்றியக் குடிமக்கள் என்ற வகையில், தனிப்பட்ட முறையில் தம் பெயரைத் தொடர்ந்து வைத்திருக்க முடிந்தது. அவர்கள் நடத்தும் சங்கங்களால் முடியவில்லை. அரசியல் முடிவு ஒன்று ஒரு சிறு தளத்தின் முகவரியை அழிக்கும் என்று பெயர் வாங்கிய நாளில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி இடவசதிக்கு வருவோர் முதலிற் காண்பது விளம்பரம். எல்லையற்ற இடம், எல்லையற்ற போக்குவரத்து, மாதம் மூன்று யூரோ. எல்லையற்ற வட்டு உலகில் இல்லை. ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்களை வைத்து, அவற்றுட் பெரும்பாலானவை தம் பங்கைப் பயன்படுத்தமாட்டா என்ற கணக்கிலேயே பகிர்வு இடவசதி விற்கப்படுகின்றது. அதில் தவறில்லை, பேருந்தும் அவ்வாறே ஓடுகின்றது. ஆனால் ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தில் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். செயலி நேரத்துக்கும் நினைவகத்துக்கும் வரம்பு இருக்கும். பதினைந்து ஆண்டுகளின் விழாப் படங்களை வைத்திருக்கும் தமிழ்ப் பள்ளி முதலில் மோதுவது கோப்பு எண்ணிக்கை வரம்பிலேயாகும். ஒவ்வொரு படத்துக்கும் தளமென்பொருள் நான்கைந்து சிறு அளவுப் பிரதிகளைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆகையால் பத்தாயிரம் படங்கள் ஐம்பதாயிரம் கோப்புகளாகப் பெருகும்.

விலையும் அப்படியே. முகப்பில் காட்டப்படுவது முதற் காலப்பகுதிக்குரிய விலை. புதுப்பிக்கும்போது அது இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகலாம். மூன்று ஆண்டுகளுக்கு முற்பணம் கட்டினால் மட்டுமே அந்தக் குறைந்த விலை என்பதும் உண்டு. புதுப்பிக்கும் விலையை வைத்தே நிறுவனங்களை ஒப்பிட வேண்டும். பெற்றோர் சிலர் மாதத்துக்கு இரண்டு யூரோ மிச்சம் பிடிப்பதற்காக நெடுநேரம் விவாதிப்பதுண்டு. ஒரு நல்ல சிறிய இடவசதியின் ஆண்டுக் கட்டணம் பொங்கல் விழா மண்டபத்தின் ஒரு நாள் வாடகையில் சிறு பகுதிதான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

நம்பகத்துக்குச் சான்றாக நிறுவனங்கள் காட்டும் எண் 99.9 விழுக்காடு. நூற்றுக்கு நூறுபோலத் தோன்றும் இந்த எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலங்கள் உள்ளன. 99.9 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டேமுக்கால் மணித்தியாலம் தளம் இயங்காதிருக்கலாம். 99 விழுக்காடு என்றால் மூன்றரை நாள்களுக்கும் மேல். ஒரு தமிழ்ப் பள்ளிக்கு எட்டு மணித்தியாலம் பெரிய இழப்பு அல்ல. பெறுபேறு வெளியாகும் அந்த ஒரு மாலையாக இல்லாவிட்டால். அதைவிட முக்கியமானது, உறுதி மீறப்பட்டால் என்ன கிடைக்கும் என்பது. வழக்கமாகக் கிடைப்பது இயங்காத நேரத்துக்குரிய கட்டணக் கழிவு மட்டுமே. மாதம் ஐந்து யூரோ கட்டுபவருக்கு ஒரு முழு நாள் இழப்புக்குச் சேரும் நட்டஈடு பதினேழு சதம். ஆகவே அந்த எண்ணைக் காப்புறுதிப் பத்திரமாகக் கருதுதல் கூடாது.

மதிப்புரைத் தளங்களும் வழிகாட்டிகள் அல்ல. "சிறந்த பத்து வழங்குநர்" என்று பட்டியலிடும் தளங்கள் பலவற்றுக்கு, அவற்றின் இணைப்பு வழியாகச் சேரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நிறுவனம் தரகு கொடுக்கின்றது. அதிகத் தரகு தருபவர் பட்டியலின் உச்சியில் இருப்பதில் வியப்பில்லை. இன்னொரு மறைபொருளும் உண்டு. வெவ்வேறு பெயர்ப்பலகைகளின் பின்னால் ஒரே உரிமையாளர் இருப்பதுண்டு. அமெரிக்காவின் புளூஹோஸ்ற், ஹோஸ்ற்கேற்றர் முதலிய பல நிறுவனங்களை எண்டூரன்ஸ் இன்ரர்நாசனல் குழுமம் அடுத்தடுத்து வாங்கியது. 2021 முதல் அவை நியூஃபோல்ட் டிஜிற்றல் என்ற பெயரின் கீழ் உள்ளன. 2013 ஓகஸ்ற் மாதத்தில் யூற்றா மாநிலத் தரவு மையத்தில் ஏற்பட்ட ஒரே கோளாறு இக்குழுமத்தின் பல நிறுவனங்களை ஒரே நேரத்தில் முடக்கியது. ஒன்றில் வெறுப்புற்று மற்றதற்கு மாறியவர், தாம் கடையை மாற்றவில்லை, பெயர்ப்பலகையை மட்டுமே மாற்றினோம் என்பதை அன்று அறிந்துகொண்டார்.

அப்படியானால் பெரிய நிறுவனம்தான் பாதுகாப்பா? ஐரோப்பாவின் மிகப் பெரிய வழங்குநர்களுள் ஒன்று பிரான்சின் ஓவிஎச் நிறுவனம். 2021 மார்ச் 10 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள அதன் தரவு மையத்தில் தீப்பற்றியது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முற்றாக எரிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி அழிந்தது. உயிரிழப்பு இல்லை. 36 இலட்சம் இணையத்தளங்கள் தொடர்பிழந்தன என்று நெற்கிராஃப்ற் நிறுவனம் கணக்கிட்டது. நிறுவனர் ஒக்டாவ் கிளாபா அன்றிரவே வாடிக்கையாளர்களுக்கு விடுத்த அறிவித்தலில், தத்தம் மீட்புத் திட்டத்தைச் செயற்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். மீட்புத் திட்டம் என்ற சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவர்கள் பலர். தனியே கட்டணம் செலுத்தி எடுத்த காப்புப் பிரதிகளும் அதே வளாகத்தில் இருந்தமையால் எரிந்துபோனதைச் சில வாடிக்கையாளர்கள் கண்டனர்.

எரிந்த கட்டடத்துக்குள் ஒரே பிரதி இருந்தது என்பதன் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்களுக்கு வேறிடங்களில் பிரதிகள் கிடைத்தன. வேறு பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகள் மீளவில்லை. ஒன்று விபத்து, மற்றையது வன்செயல். இரண்டையும் சமன்படுத்துவது பொருந்தாது. பிரதியின் கணக்கு மட்டும் இரண்டிலும் ஒன்றே.

டென்மார்க்கில் நடந்தது இதனினும் கடுமையானது. கிளௌட்நோர்டிக் என்ற வழங்குநர் 2023 ஓகஸ்ற் மாதத்தில் தன் வழங்கிகளை ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. முன்னரே தொற்றுக்குள்ளாகியிருந்த சில கணினிகள் அப்போது உள்வலையமைப்போடு இணைக்கப்பட்டன. 18 ஆம் நாள் அதிகாலையில் பணயத் தாக்குதல் தொடங்கியது. தாக்குவோர் நிர்வாக அமைப்புக்குள்ளும், அதன் வழியே காப்புப் பிரதிகள் இருந்த அமைப்புக்குள்ளும் நுழைந்து யாவற்றையும் மறையீடு செய்தனர். நிறுவனம் பணயத்தொகை கொடுக்க மறுத்தது. பெரும்பாலான வாடிக்கையாளர்கள் தம் தரவு முழுவதையும் இழந்தனர். அதன் சகோதர நிறுவனமான அசெரோகிளௌட்டின் நிலையும் அதுவே. காப்புப் பிரதி எடுக்கப்படுகின்றது என்ற நிறுவனத்தின் வாக்கு அங்கே பொய்யாகவில்லை. பிரதி எடுக்கப்பட்டது. எடுத்த பிரதி அசலோடு ஒரே வேலிக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்று. விழாத வழங்குநரைத் தேடுவது வீண் முயற்சி. வழங்குநர் விழுந்தாலும் சங்கம் எழக்கூடியதாக இருக்க வேண்டும். வழங்குநர் பிடிக்காவிட்டால் சங்கம் எளிதில் வெளியேறக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் தடையின்றி அனுமதிப்பவரே நம்பத்தக்கவர். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகளும் அவற்றைச் சுற்றியே அமைதல் வேண்டும். காப்புப் பிரதி எத்தனை நாளுக்கு வைக்கப்படும்? எந்த நகரில்? வாடிக்கையாளர் தாமே மீட்டெடுக்கலாமா, அல்லது கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டுமா? கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழுமையாகத் தரவிறக்கம் செய்ய வழி உண்டா? இக்கேள்விகளைப் பணம் கட்டுமுன் ஒரு சனிக்கிழமை மாலையில் உதவிச் சேவைக்கு எழுதி அனுப்பிப் பார்க்கலாம். தமிழ்ப் பள்ளிகளின் வேலை நாள் சனிக்கிழமை. தளம் பழுதாவதும் பழுது கண்டுபிடிக்கப்படுவதும் பெரும்பாலும் அன்றுதான். எத்தனை மணித்தியாலத்தில் விடை வருகின்றது, வந்த விடை கேட்ட கேள்விக்குரியதா, அல்லது முன்கூட்டியே எழுதி வைத்த பொதுக்கடிதமா என்பது எந்த மதிப்புரையையும்விட நன்கு பேசும்.

இழுத்து அமைக்கும் இலவசத் தளக் கருவிகள் இந்த இரண்டாவது சோதனையிலேயே தோற்கின்றன. அழகான பக்கத்தை அரை நாளில் அமைக்கலாம். ஆனால் அமைத்ததை அப்படியே வெளியே எடுத்துச் செல்ல அவற்றுட் பல இடம் தருவதில்லை. முகநூல் பக்கமே போதும் என்போருக்கும் இது பொருந்தும். ஜியோசிட்டீஸ் நினைவிருப்போர் பெற்றோருள் பலர் இருக்கக்கூடும். 1994 இல் தொடங்கிய அவ்விலவசச் சேவையை யாகூ 1999 இல் வாங்கியது. 2009 ஒக்ரோபர் 26 அன்று மூடியது. தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அங்கேதான் இருந்தன. தன்னார்வலர் சிலர் இறுதி மாதங்களில் இரவு பகலாகப் படியெடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. இன்ரர்நெற் ஆக்கைவ் போன்ற காப்பகங்கள் பேருதவி புரிகின்றன. எனினும் அவை எல்லாப் பக்கங்களையும் எல்லாப் படங்களையும் எடுப்பதில்லை. 2024 ஒக்ரோபரில் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாள்கள் இன்ரர்நெற் ஆக்கைவே கிடைக்காமலும் போனது.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு தொல்லையை இங்கு சற்று விரிவாகக் கூறுதல் தகும். மாற்று வழங்கிக்குக் குடிபெயரும்போது ஆங்கிலத் தளங்களுக்கு நேராத துன்பம் தமிழ்த் தளங்களுக்கு நேரும். பழைய பக்கங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளவை; அவற்றிற் சேமிக்கப்பட்டிருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே, எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகின்றது. எழுத்துருக் கோப்பு புதிய இடத்துக்கு வந்து சேராவிட்டால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகும். யுனிக்கோட்டில் எழுதியவர்க்கும் முழு நிம்மதி இல்லை. யூரிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற் இடம் கொள்ளும். "தமிழ்" என்ற சொல்லுக்கு மட்டும் பதினைந்து பைற். பெருவழக்கான மைஎஸ்கியூஎல் தரவுத்தளமோ 2018 இல் வெளியான எட்டாம் பதிப்புவரை, வேறு கட்டளை இல்லையேல், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய இலத்தீன் குறிமுறையையே எடுத்துக்கொண்டது. அதை உருவாக்கியோர் சுவீடனில் இருந்தமையால் அகரவரிசையும் சுவீடிய மொழிக்குரியதாகவே இருந்தது. எத்தனையோ தமிழ்ப் பள்ளிகளின் பாடங்கள் இன்றும் சுவீடிய முத்திரையோடு கிடக்கின்றன! பழைய வழங்கியில் எல்லாம் சரியாகவே தோன்றும். குறிமுறையைக் கவனியாமல் ஏற்றுமதி செய்து புதிய வழங்கியில் ஏற்றிய பின்னரே தமிழ் முழுவதும் வினாக்குறிகளாக மாறியிருப்பது தெரியவரும். குழம்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் திருத்திவிடலாம். வெறும் வினாக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அந்தப் பிரதியிலிருந்து தமிழ் மீளாது. ஆகவே பழைய வழங்கியை நிறுத்துமுன் புதிய இடத்தில் ஐந்தாறு பழைய கட்டுரைகளை, குறிப்பாக மிகப் பழையவற்றை, திறந்து வாசித்துப் பார்த்தல் இன்றியமையாதது. தமிழில் பெயரிட்ட படக் கோப்புகளும் வழியிற் சிதைவதுண்டு. கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயரிடும் வழக்கம் பாதுகாப்பானது.

வழங்கி எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேகத்தை எண்ணியே கேட்கின்றனர். சிறு தளத்துக்கு அது பெரிய பொருட்டல்ல. படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பாதிக் குறை தீரும். சட்டமே பெரிய பொருட்டு. பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், புள்ளிகள், முகம் தெரியும் படங்கள் யாவும் தனிநபர் தரவு. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 28 ஆம் உறுப்புரைப்படி, அத்தரவை வைத்திருக்கும் வழங்குநரோடு எழுத்துமூல ஒப்பந்தம் இருத்தல் வேண்டும். முறையான நிறுவனங்கள் அதனைக் கேட்ட மாத்திரத்தில் தருகின்றன. அப்படி ஒன்று இருப்பதே தெரியாத உதவிச் சேவையை நம்பிப் பிள்ளைகளின் விவரங்களைக் கொடுக்க எந்தப் பெற்றோரும் உடன்படமாட்டார். தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனத்தையும் ஐயத்தோடு நோக்கலாம். லெற்ஸ் என்கிரிப்ற் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு அதனை இலவசமாகவே வழங்குகின்றது. நல்ல வழங்குநர்கள் அதைத் தாமே பொருத்திப் புதுப்பித்துவிடுகின்றனர்.

மின்னஞ்சலைப் பற்றியும் ஒரு சொல். பகிர்வு இடவசதியில் ஒரே முகவரி எண்ணிலிருந்து பல தளங்களின் அஞ்சல்கள் வெளியேறும். அண்டை வீட்டார் குப்பை அஞ்சல் அனுப்பினால் பள்ளியின் அறிவித்தலும் குப்பைப் பெட்டிக்கே போகும். அனுப்புநரை உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளுள் ஒன்றையாவது 2024 முதல் கூகிள் கண்டிப்பாக எதிர்பார்க்கின்றது. அவற்றை அமைத்துத் தரும் வழங்குநரைத் தேர்வது நலம்.

இளையோரே, இதுவரை கூறியவற்றுள் தொழில்நுட்ப வேலை பெரும்பாலும் உங்களுடையதே. ஆனால் உடைமை உங்களுடையதாக இருத்தல் கூடாது. அது சங்கத்தினுடையதாகவே இருத்தல் வேண்டும். பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். தொடர்பு மின்னஞ்சல் பொதுவான ஒன்றாக, சங்கத்தின் சொந்தத் தளப்பெயரைச் சாராததாக இருக்கட்டும். தளப்பெயர் காலாவதியானால் அதே பெயரிலுள்ள அஞ்சற் பெட்டியும் செயலிழந்துவிடும். நினைவூட்டல் வந்து சேர இடமிராது. கட்டணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து செல்லட்டும். கடவுச்சொற்களும், பதிவாளர் பெயரும், புதுப்பிக்கும் நாளும் எழுதப்பட்ட ஒரு தாள் உறையிலிட்டு மூடப்பட்டுச் செயலாளரின் கோவையில் இருக்கட்டும். இதை நம்பிக்கையின்மை என்று கொள்ளற்க. விலகிச் செல்லும் நாளில் குற்றவுணர்ச்சியின்றி விலகவும் இதுவே வழி.

பெற்றோர்களே, உங்கள் பங்கு கணினி அறிவை வேண்டி நிற்பதன்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படுகின்றது. அதே கூட்டத்தில், கடைசியாகக் காப்புப் பிரதி எடுத்த நாள் எது, அது எந்த வீட்டில் உள்ளது, அதைத் திறந்து பார்த்தவர் யார் என்று மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கே பெரும்பாலும் விடை இராது. திறந்து பார்க்கப்படாத பிரதி இருந்தும் இல்லாததே. ஆண்டுக்கு இருமுறை தரவுத்தளமும் கோப்புகளும் முழுமையாகத் தரவிறக்கப்பட்டு, இரண்டு வன்வட்டுகளில் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைக்கப்படின் ஒரு சிறு தளத்துக்கு அதுவே போதும். கோடை விடுமுறையில் இளையோர் ஒருவர் அப்பிரதியைத் தம் கணினியில் ஏற்றித் தளத்தை எழுப்பிக் காட்டினால் குழுவுக்கு ஐயம் நீங்கும். அடுத்துப் பொறுப்பேற்கவிருக்கும் இளையவருக்கு அதுவே பயிற்சியுமாகும்.

வழங்குநரை மாற்றுவதென்று முடிவு செய்த சங்கங்கள் ஆண்டுத் தேர்வுக் காலத்தையும் விழாக் காலத்தையும் தவிர்த்து, ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்னரே தொடங்குவது நன்று. தளப்பெயரைப் புதிதாகப் பதிந்தோ பதிவாளரை மாற்றியோ 60 நாள் கடக்கும்வரை, பொதுப் பெயர்களைப் பெரும்பாலும் மீண்டும் வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது. புதிய இடத்தில் தளம் சரியாக இயங்குவதை உறுதிசெய்த பின்னரும் பழைய கணக்கை ஒரு மாதமாவது வைத்திருத்தல் வேண்டும். மறந்துபோன ஏதேனும் ஒரு படத்தொகுப்போ பழைய அஞ்சற் பெட்டியோ அந்த மாதத்தில்தான் நினைவுக்கு வரும். அதன் பின் ஒப்பந்தத்தில் குறித்த முறைப்படி எழுத்தில் விலகலை அறிவித்து, அதனை ஏற்றுக்கொண்டதற்கான பதிலையும் பெற்றுக் கோவையில் வைத்துக்கொள்ளலாம்.